14 மாதம் கையில் இருந்த சால்மன் தோல் பேர்ஸ்

கடையில் மெஷினுக்குப் பக்கத்தில் இந்தப் பேர்ஸை வைத்தால் போதும், வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, பாம்புத் தோலா?" இல்லை, மீன் தோல் என்று சொன்னதும் கையில் எடுத்து நேரே மூக்குக்குக் கொண்டுபோவார்கள். மணக்காது. பிறகு திருப்பிப் பார்ப்பார்கள், நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள், கடைசியில் விலை கேட்பார்கள். இத்தனை பேருக்குத் தனித்தனியாகச் சொன்னதை ஒரு தரம் எழுதிவிடலாம் என்று பட்டது. 14 மாதம் கையிலேயே வைத்துப் புழங்கியிருக்கிறேன். மழை, உப்புக் காற்று, வியர்வை எல்லாம் பார்த்துவிட்டது. இனிமேல் எழுதினால்தான் நியாயமாக இருக்கும்.

நான் மட்டக்களப்பில், கல்லடியில் பள்ளிக்கூடப் பை தைத்து, ஸிப் மாற்றி, அறுந்த வார் தைத்துக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், ரெக்ஸின் எல்லாம் தினமும் கையில் வந்து போகும். ரெக்ஸின் நம் ஊர் வெயிலில் இரண்டு வருடத்தில் உரிந்து கொட்டுவதையும், நல்ல தோல் பை மாரி மாதத்தில் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்து வெள்ளையாக நிற்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இதையும் தைக்கிற ஆளின் கண்ணால்தான் பார்த்தேன்.

இதைக் கொண்டுவந்தவள் நோர்வேயில் இருக்கும் என் மச்சாள். ஐஸ்லாந்துக்குச் சுற்றுலா போன இடத்தில் வாங்கினாளாம். விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் தந்தாள். நான் பிறகு இணையத்தில் தேடிப் பார்த்தேன். இதே அளவு, இதே மாதிரித் தையல் உள்ளவை நம் காசுக்கு முப்பதாயிரத்துக்கு மேலே போகின்றன. சால்மன் மீனின் தோல். நம் ஊரில் 'செமன்' என்றால் ரின்னில் வரும் மீன்தான், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது அங்கே குளிர் கடலில் வளர்க்கிற பெரிய மீன். சதையை வெட்டி எடுத்து விற்றபிறகு மிஞ்சும் தோலைப் பதனிட்டிருக்கிறார்கள்.

பேர்ஸ் நீள வாட்டில் 19 சென்ரிமீற்றர், உயரம் 10. ஐயாயிரம் ரூபாய்த் தாள் மடிக்காமல் உள்ளே போகும். அடையாள அட்டைக்கும் வங்கி அட்டைக்குமாக ஆறு அறைகள், நடுவில் ஸிப் போட்ட சில்லறைப் பை. நிறம் கருநீலம், வாவித் தண்ணீர் மாலையில் கறுக்கும்போது வருகிற நீலம். முன்பக்கத்துக்கு ஒரு தோல், பின்பக்கத்துக்கு ஒரு தோல். அதற்குக் காரணம் இருக்கிறது. சால்மன் தோல் பதனிட்டு வந்தால் நீளம் 60 சென்ரிமீற்றர் வரும், அகலமோ ஒரு சாணை எட்டுவதே பெரிய விஷயம். அதனால்தான் மீன் தோலில் பேர்ஸ், வார், மணிக்கூட்டுப் பட்டி, தோடு என்று சின்னச் சாமான்களாகவே பார்க்கிறோம். பெரிய கைப்பை வேண்டுமென்றால் துண்டு துண்டாக ஒட்டுப் போட வேண்டும், ஒட்டுக்கு ஒட்டுக் கூலி ஏறும்.

கிடைத்த மறுநாளே அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா திமிலைதீவில் இருக்கிறார். அப்பா வாவியில் தோணி விட்டவர். அவர் கொண்டுவரும் மீனை அரிந்து விற்றதில் அம்மாவின் வலது பெருவிரல் ஒரு பக்கம் தேய்ந்தே போயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை, பேர்ஸை மட்டும் நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. பெருவிரலால் ஒரு பக்கமாகத் தடவினார், வழுக்கிக்கொண்டு போயிற்று. எதிர்ப்பக்கமாகத் தடவினார், விரல் தட்டித் தட்டி நின்றது.

"மீன் கா இது. தலை இந்தப் பக்கம்."

செதிள் உருவிய குழிகளின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலாலேயே பார்த்துவிட்டார். மறுபடி வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து, நான் அதுவரை தையல் தழும்பு என்று நினைத்திருந்த ஒரு மெல்லிய கோட்டை நகத்தால் தொட்டார். "இஞ்ச பார் புள்ள, நடுவால கோடு ஓடுது. கொடுவாக்கும் இரிக்கும், எல்லா மீனுக்கும் இரிக்கும். தண்ணி அசையிறத இதாலதான் மீன் அறியும்." பக்கக்கோடு. மீனின் உடம்பில் செவுளிலிருந்து வால்வரை போகிற அந்தக் கோடு, பதனிட்டுச் சாயம் ஏற்றித் தைத்தபிறகும் அப்படியே இருந்தது. "நாம எறியிறத என்னமா ஆக்கி வெச்சிரிக்கானுகள்" என்று சொல்லி நெடுநேரம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தோலின் அழகு முழுக்க அந்தக் குழிகளில் இருக்கிறது. ஒவ்வொரு செதிளும் ஒரு சின்னப் பைக்குள் செருகினது போலத் தோலில் உட்கார்ந்திருக்கும். செதிளை உருவினால் பை மிஞ்சும். கிட்டப் பார்த்தால் ஓடு வேய்ந்த கூரை மாதிரி வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் மெல்லிய உதடு விரித்து நிற்கும். முதுகுப் பக்கம் ஒரு அளவு, வயிற்றுப் பக்கம் போகப் போக வேறு அளவு. எந்த இரண்டு பேர்ஸும் ஒன்றுபோல் இருக்காது. ரெக்ஸினில் பாம்புத் தோல் என்று அச்சடித்து வருகிற கோலம் ஒரு சாணுக்கு ஒரு தரம் திரும்ப வரும். இதில் தேடித் தேடிப் பார்த்தேன், எங்கும் திரும்ப வரவில்லை.

தடிப்பு அரை மில்லிமீற்றரை ஒட்டித்தான். முதலில் பிடித்தபோது இது ஆறு மாதம் தாங்காது என்றுதான் நினைத்தேன். இந்த மெல்லிசில் ஒரு ஆட்டுத் தோலைத் தந்தால் நான் பேர்ஸுக்கு வெட்டவே மாட்டேன், உள்பக்கத்துக்குத்தான் போடுவேன். 14 மாதம் கழித்துச் சொல்கிறேன்: மடிப்பில் வெடிப்பு இல்லை, தையல் ஓட்டை ஒன்றுகூட இழுபட்டுப் பெருக்கவில்லை, மூலை நான்கில் ஒன்றில் மட்டும் சாயம் கொஞ்சம் மங்கியிருக்கிறது. தினமும் இருபது தரம் திறந்து மூடுகிற சாமான் இது. காரணம் தோலுக்குள் இருக்கிற நார். மீன் தோலில் நார் அடுக்கடுக்காக இருக்கும், ஓர் அடுக்கு ஒரு சாய்வில் போனால் அடுத்தது எதிர்ச் சாய்வில் போகும். பன்பாய் பின்னும்போது ஒன்று இப்படி ஒன்று அப்படிப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஓர் அடுக்கு குறுக்கே நின்று தாங்கும். அதனால்தான் இந்த மெல்லிசுக்கு இந்தப் பலம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். மூன்று இருக்கின்றன. தைத்தவர்களின் பெயரைப் போடவில்லை, ஆனால் குறையை மறைக்கவும் மாட்டேன்.

முதலாவது சாயம். வைகாசியில் ஒரு நாள் சந்தையிலிருந்து நடந்து வரும்போது திடீர் மழை. பேர்ஸ் கக்கத்தில். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் வெள்ளைச் சட்டையில் விலாப்பக்கம் நீலமாக ஒரு பட்டை. இரண்டு தரம் துவைத்தும் முழுதாகப் போகவில்லை. காய்ந்த தோலை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. ஈரமாக இருந்தால் மட்டும்தான் விடுகிறது. குளிர் நாட்டில் பேர்ஸை கோட்டுப் பைக்குள் வைப்பார்கள், கக்கத்தில் வியர்வையோடு இடுக்கிக்கொண்டு நடக்க மாட்டார்கள். நாம் நடப்போம். கருநிறம் வாங்குகிறவர்கள் முதலில் ஈரப் பஞ்சால் உள்மூலையில் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு நிறம் மாறினால் வெள்ளை உடுப்போடு கொண்டுபோகாதீர்கள். இயற்கை நிறத்தில், தேன் நிறமாக வருவதை வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

இரண்டாவது ஸிப். உலோக ஸிப். கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கிறோம், யன்னல் கம்பியே வருடத்துக்கு ஒரு தரம் பெயின்ற் கேட்கும். ஏழாம் மாதம் பல்லில் பச்சை பூத்தது, ஒன்பதாம் மாதம் பாதியில் சிக்கிக்கொண்டது. மெழுகுதிரி தேய்த்தேன், பென்சில் தேய்த்தேன், இரண்டு கிழமைக்கு மேல் ஓடவில்லை. கடைசியில் நானே பிரித்து நைலோன் ஸிப் போட்டேன். சாமான் செலவு 150 ரூபாய். ஆனால் பிரிக்கும்போது கை நடுங்கியது, ஏனென்று கீழே சொல்கிறேன்.

மூன்றாவது பூஞ்சணம். மார்கழி மழையில் நான்கு நாள் அலுமாரிக்குள் மறந்துபோய் வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் பூஞ்சணம் தோலில் இல்லை, உள்ளே போட்ட பருத்தித் துணியில் இருந்தது. தோலின் மேற்பக்கம் சுத்தமாக நின்றது. நிழலில் காற்றாட வைத்து, காய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டினேன், போயிற்று. சாம்பல் நிறமாக ஒரு புள்ளி மட்டும் துணியில் நிற்கிறது. தோலைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நம் நாட்டுக்குத் தைக்கிறவர் யாராவது இருந்தால் உள்ளே பருத்தி போடாமல் மெல்லிய நைலோன் துணியைப் போடுவார்.

மணத்தைப் பற்றி எல்லாரும் கேட்பதால் தனியாகச் சொல்கிறேன். மீன் மணப்பது தோலால் அல்ல, தோலில் ஒட்டியிருக்கிற கொழுப்பாலும் சதையாலும். சால்மன் கொழுப்புக் கூடின மீன். பதனிடும்போது முதல் வேலையே சதையையும் செதிளையும் நீக்கி, சுண்ணாம்பில் ஊறவைத்து, கொழுப்பைக் கழுவி எடுப்பதுதான். அது சரியாக நடந்தால் மிஞ்சுவது தோல் வாசம் மட்டுந்தான். மழையில் நனைந்த அன்றுகூட நான் மோந்து பார்த்தேன். நனைந்த சப்பாத்து மணத்தது, மீன் மணக்கவில்லை.

ஸிப் மாற்றுகிற கதை. தோல் தைக்கிற எவருக்கும் தெரியும், துணி மாதிரி அல்ல, தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான், மூடாது. மீன் தோலில் அது இன்னும் கடுமை. பழைய ஓட்டைகளிலேயே திரும்ப ஊசி இறங்க வேண்டும், ஒன்று தவறினால் கிழிவதற்குக் கோடு கீறிக் கொடுத்த மாதிரி. மெஷினில் வைக்க மனம் வரவில்லை. இரண்டு ஊசி பிடித்து, மெழுகு பூசின நூலில், பழைய ஓட்டைக்குள் ஒவ்வொன்றாகக் கையால் இழுத்தேன். 19 சென்ரிமீற்றருக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. நூலை இறுக்கும்போதுதான் அந்தத் தோலின் குணம் கையில் தெரிந்தது. ஆட்டுத் தோல் இறுக்க இறுக்கக் கொடுக்கும், நெளியும். இது கொடுக்கவில்லை.

அதில் வந்த ஆசையில் மச்சாளிடம் சொல்லி முழுத் தோல் ஒன்று வரவழைத்தேன், தபாலில் சுருட்டி வந்தது. கைத்தொலைபேசிக்கு ஒரு உறை தைத்தேன். தைக்கிறவர்கள் யாராவது படித்தால் பயன்படும் என்று இதைச் சொல்கிறேன். குண்டூசி குத்தவே கூடாது, கிளிப்தான் போட வேண்டும். தோலுக்கென்று விற்கிற வெட்டுமுனை ஊசி, 14ஆம் நம்பர் போதும். தையலை நெருக்கமாகப் போட்டால் முத்திரைத் தாள் கிழிவதுபோல வரிசையாகக் கிழியும், மூன்றரை மில்லிமீற்றராவது இடைவெளி விட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், தலையிலிருந்து வாலுக்குத் தைக்க வேண்டும். நான் முதலில் வாலிலிருந்து தலைக்கு ஓட்டினேன். மெஷின் பாதம் ஒவ்வொரு செதிள் பையின் உதட்டிலும் இடித்து, நான்கு உதடுகளைப் பிய்த்துவிட்டது. அம்மாவின் பெருவிரல் தட்டி நின்ற அதே பக்கம். அன்றைக்கே அவர் காட்டித் தந்ததை நான் மெஷினில் உட்கார்ந்தபோது மறந்துவிட்டேன்.

இது புது நாகரிகம் என்று நினைக்கிறவர்களுக்கு: புதிதில்லை. சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் ஓடும் அமூர் ஆற்றங்கரையில் வாழும் ஹெஜன் மக்கள் சால்மன் தோலில் சட்டையே தைத்து உடுத்தவர்கள். சீனா 2006இல் அந்தக் கைவினையைத் தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானின் வடக்கே ஐனு மக்கள் சால்மன் தோலில் சப்பாத்து செய்தார்கள். ஐஸ்லாந்தில் ஓநாய் மீன் என்று ஒரு மீனின் தோலில் சப்பாத்து செய்து போட்டுக்கொண்டு மலை தாண்டுவார்களாம், ஒரு வழி எவ்வளவு தூரம் என்பதை எத்தனை சோடி சப்பாத்து தேய்ந்தது என்று கணக்குச் சொல்வார்களாம். இத்தாலியின் பெயர்போன சப்பாத்துக்காரர் சல்வதோரே பெராகாமோவும் மீன் தோலில் தைத்திருக்கிறார். திருக்கைத் தோல் கதை இன்னும் பழையது. ஜப்பானில் வாள்பிடிக்குச் சுற்றியது அதுதான், கை வழுக்காது என்பதற்காக. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கலுஷா என்ற கைவினைஞர் அதில் பெட்டியும் உறையும் செய்து, இன்றைக்கும் பிரெஞ்சு மொழியில் அந்தத் தோலுக்கே அவர் பெயர்தான். நம் ஊரில் திருக்கையை நினைத்தால் வறை ஞாபகம் வரும், வால் ஞாபகம் வரும். அந்தத் தோலில் அரசிமாருக்குப் பெட்டி செய்தார்கள் என்றால் அம்மா நம்பவில்லை.

அவுஸ்திரேலியாவில் பரமண்டி மீன் தோலைப் பதனிட்டு விற்கிறார்கள் என்று படித்தபோதுதான் எனக்குத் தூக்கிப் போட்டது. பரமண்டி வேறொன்றும் இல்லை, நம் கொடுவா. கல்லடிப் பாலத்தடியில் வலையில் ஏறுகிற, கலியாண வீட்டுக்கென்று தேடி வாங்குகிற அதே கொடுவா. சால்மனை விடச் செதிள் பெரிது, அதனால் தோலில் கோலமும் பெரிதாக வரும். கென்யாவில் விக்டோரியா ஏரியின் நைல் பெர்ச் தோலில் செய்கிறார்கள், அதுவும் கொடுவாவுக்குச் சொந்தக்கார மீன்தான். நம் குளமெல்லாம் நிறைந்து கிடக்கும் திலாப்பியா, 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விட்ட மீன். பிரேசிலில் அதன் தோலைச் சுத்திகரித்துத் தீக்காயத்துக்கு மேல் போர்த்திச் சிகிச்சை செய்கிறார்கள். நம் சந்தையில் மீன் வெட்டுகிற மேசைக்குக் கீழே இருக்கிற வாளியில் கிடப்பது இதுதான்.

படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அம்மாவும் நானும் ஒரு கொடுவாத் தோலை எடுத்துப் பார்த்தோம். மீன் தோலை வீட்டிலேயே கடுந்தேயிலைச் சாயத்தில் பதனிடுகிற முறை ஒன்று இருக்கிறது. தோலைப் பதனாக்குவது துவர். மரப்பட்டையில் இருக்கிற அதே துவர்தான் தேயிலையிலும் இருக்கிறது. நான் அம்மாவுக்கு இதை விளக்க ஆரம்பித்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அம்மப்பா காலத்தில நூல் வலைக்குப் பனிச்சங்காய் இடிச்சுப் போடுறது எதுக்கு? அந்தத் துவருக்குத்தான். இல்லாட்டி வலை உழுத்துப் போயிரும்." வாகரைப் பக்கம் பனிச்சங்கேணி என்று ஒரு ஊரே இருக்கிறது. நைலோன் வலை வந்தபிறகு பனிச்சங்காயை யாரும் இடிப்பதில்லை. ஆனால் அந்த அறிவு அம்மாவிடம் இருந்தது, நான் இணையத்தில் தேடிப் படித்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொன்னார்.

முதல் தோலை நான் கெடுத்தேன். தேயிலை ஊற்றி, ஆற முன்னமே தோலைப் போட்டுவிட்டேன். விரல் வைத்தால் தாங்குகிற சூடுதான் என்று நினைத்தேன். கண்ணெதிரே தோல் சுருண்டு, ஒரு மணித்தியாலத்தில் பசை மாதிரிக் குழைந்தது. மாட்டுத் தோல் தாங்குகிற சூட்டை மீன் தோல் தாங்காது. அதிலும் குளிர்கடல் மீனின் தோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே குழையும், நம் வெப்பக்கடல் மீன் கொஞ்சம் கூடத் தாங்கும். பச்சைத் தோலை வெயிலில் ஒரு மணி நேரம் விட்டாலே கெட ஆரம்பிப்பதும் இதனோடு சேர்ந்ததுதான். அரிந்த கையோடு ஐஸிலோ உப்பிலோ போட வேண்டும். இங்கே யாராவது இந்தத் தொழிலைத் தொடங்குவதானால் பட்டறைக்கு முன்னம் ஐஸ் பெட்டிதான் வாங்க வேண்டும்.

இரண்டாவது தோலை அம்மா எடுத்துக்கொண்டார். அகப்பை நுனியால் சதையை வழித்து, செதிளைத் தலைப்பக்கம் நோக்கி உருவி, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் மூன்று தரம் அலசினார். ஆறின தேயிலைச் சாயம், முதல் நாள் மெல்லிசாக, பிறகு நாளுக்கு நாள் கடுமையாக. எடுத்த உடனே கடுஞ்சாயத்தில் போட்டால் மேற்பக்கம் மட்டும் பதனாகி உள்பக்கம் பச்சையாகவே நின்றுவிடும். 12 நாள் கழித்து ஓரத்தில் ஒரு நறுக்கு வெட்டிப் பார்த்தோம், வெட்டு முகம் முழுக்க ஒரே மண்ணிறம். முட்டை மஞ்சட்கருவும் எண்ணெயும் அடித்துப் பூசி, நிழலில் காய்கிற நேரம் முழுக்கக் கையால் இழுத்து இழுத்துப் பிசைந்தோம். இழுக்காமல் காயவிட்டால் பப்படம்தான். ஐஸ்லாந்துத் தோலோடு வைத்துப் பார்த்தால் எங்களுடையது விறைப்பு, நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறது, வெயிலில் சூடானால் இலேசாக மீன் மணக்கிறது. கொழுப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் செதிள் கோலம் என் பெருவிரல் நகத்தளவு ஒவ்வொன்றும். அதில் ஒரு திறப்புக்கோர்வை தைத்து அம்மாவின் வீட்டுத் திறப்பை மாட்டிக் கொடுத்தேன்.

யார் வாங்கலாம் என்று கேட்டால்: பரிசாக யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள் என்றால் தயங்காமல் இதைச் சொல்லி விடுங்கள். சொந்தக் காசில் முப்பதாயிரம் போட்டு வாங்குவதானால் நான் யோசிப்பேன். அந்தக் காசில் பாதி வேலைப்பாட்டுக்கும் பாதி அந்த நாட்டுச் சம்பளத்துக்கும் போகிறது, பிழை இல்லை, ஆனால் உப்புக் காற்றுக்கு ஏற்ற ஸிப்பும் துணியும் போடாத ஒரு சாமானுக்கு நாம் கொடுக்கிற விலை அது. முதலில் சின்னதாக ஒரு அட்டை உறையோ மணிக்கூட்டுப் பட்டியோ வாங்கிப் பாருங்கள். வாங்கினபிறகு வெயிலில் காயப்போடாதீர்கள், மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வைத்துப் பூட்டாதீர்கள், மாதம் ஒரு தரம் நிறமில்லாத தோல் மெழுகை விரலால் தலையிலிருந்து வாலுக்குத் தடவுங்கள்.

இன்னொன்று. என்னிடம் காத்தான்குடியிலிருந்து வழக்கமாகப் பை தைக்க வருகிற தாத்தா ஒருவர் இருக்கிறார். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். வெளிநாட்டுத் தோல் பேர்ஸ் எது கொண்டுவந்து காட்டினாலும் அவர் முதலில் கேட்பது, உள்ளே பன்றித் தோல் போட்டிருக்கா என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்வி, பல பேர்ஸுகளில் உள்பக்கம் அதுதான். என் பக்கத்து வீட்டு மாமி மாட்டுத் தோல் என்றால் தொடமாட்டார். இந்தப் பேர்ஸை இரண்டு பேரும் மனம் கோணாமல் கையில் எடுத்தார்கள். நான் 17 வருடமாகத் தோல் தைக்கிறேன், எல்லாருக்கும் பொதுவாக நீட்டக்கூடிய தோல் ஒன்று கையில் வந்தது இதுதான் முதல் தரம். மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு மட்டும் கொண்டுபோவதில்லை. மீனும் உயிர்தான், அதன் தோலைக் கோயிலுக்குள் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

தாத்தா கொடுவாத் திறப்புக்கோர்வையைப் பார்த்துவிட்டு, மகளுக்கு ஒரு அட்டை உறை தைத்துத் தரச் சொன்னார். மணம் முழுதாகப் போகாமல் காசுக்குத் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கொழுப்பை எடுக்க இந்த முறை சவர்க்காரத்துக்கு முன்னம் சுண்ணாம்பில் போட்டுப் பார்க்கப் போகிறோம், வெற்றிலைச் சுண்ணாம்பு எவ்வளவு போடலாம் என்று அம்மா கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று இரவு அழைத்தார். "ரெண்டு கொடுவாத் தோல் ஐஸில கிடக்கு புள்ள. பெரிய மீன். நீ தேயிலைய ஆறவெச்சுக் கொண்டுவா, மறுகா சூட்டோட ஊத்திராத."